அப்பாரு தோட்டத்துல இருக்காருங்க

1

ஓமலூரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவரை நான் பார்த்ததில்லை. அவருடைய கணவர் இங்கே கம்பளி ஆலையில் என் கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார். அந்த உறவில் என்னை அக்கா என்கிறார். அடுத்த மாதம் சென்னையில் விசா நேர்காணலாம். இரண்டு பிள்ளைகளாம். என்ன கேட்பார்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போவது, விவரமாக எழுதுங்கள் அக்கா என்று நான்கு பக்கம்.

இந்த மாதிரி எனக்கு வரும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும், பயப்படாமல் போங்கள், உண்மையைச் சொன்னால் போதும், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று பதில் போட்டேன். கேட்பவர்களுக்குத் தெம்பாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வளர்ந்தவள் நான். எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை. இந்த முறை ஒருவருக்கு எழுத வேண்டியதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் இவர்கள் மேசையில் கிடக்கிறது. தமிழில் எழுதுவதை இவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று என் கணவர் சிரிக்கிறார். தமிழைத் தப்பாகக் கேட்பதற்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தவர்கள் இவர்கள். அவர் அதைத் தன் காதால் கேட்டவரில்லை. என் விசா நேர்காணல் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவள் நான்.

2

எனக்குப் பிறந்த ஊர் நாமக்கல் பக்கம். பி.யூ.சி. வரை படித்தேன். பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாகப் போனேன். என் கணவர் தறி மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பே கடல் கடந்து வேலைக்குப் போனவர். மூன்று மாத விடுப்பில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் போகும்போது நான் முழுகாமல் இருந்தேன். மகள் சுமதியை அவர் அடுத்த விடுப்பில் வந்து முதன்முதலில் தூக்கியபோது அவளுக்கு மூன்று வயது. அந்த விடுப்பும் முடிந்து அவர் போன பிறகு மகன் செந்தில் பிறந்தான்.

வேறு மாவட்டத்துக்காரர்களுக்காக இரண்டு வார்த்தைகளை இங்கே விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் பெண்கள் கணவனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சொல்லும் வழக்கமில்லை. அதேபோல, அப்பாவைப் பெற்ற தாத்தாவை அப்பாரு என்போம். அப்பா வேறு, அப்பாரு வேறு.

‘மாமா கடுதாசி போட்டிருக்காங்க’, ‘மாமா பொங்கலுக்கு வரமாட்டாங்களாம்’ என்று நான் பேசுவதைக் கேட்டு வளர்ந்த சுமதியும் சுவரில் இருந்த படத்தைக் காட்டி மாமா என்றாள். அப்பான்னு சொல்லு என்று இரண்டு மூன்று தடவை திருத்தினேன். மனிதர் நேரில் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று பிறகு விட்டுவிட்டேன். என் மாமனாருக்கு அது வேடிக்கை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

“கட்டுனவளும் மாமாங்கறா, பெத்ததும் மாமாங்குது. எம்பையன் யாருக்குத்தான் அப்பன்?”

அதே கேள்வியைப் பின்னால் ஓர் அதிகாரி சிரிக்காமல் கேட்டார்.

3

எழுபத்தொன்பதில் விண்ணப்பம் போட்டோம். சேலம் அம்மாபேட்டையில் இதற்கென்று ஒருவர் தட்டச்சு இயந்திரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாடு போகிறவர்கள் எல்லோருக்கும் அவர்தான் படிவம் நிரப்புவார். எனக்கு இரண்டு யோசனை சொன்னார்.

ஒன்று, ஆங்கிலம் தெரியும் என்று எழுதக்கூடாது. தெரியும் என்று எழுதினால் ஆங்கிலத்திலேயே குடைவார்கள், ஒரு வார்த்தை மாறினாலும் பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள், தமிழ் மட்டும்தான் தெரியும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று போடுங்கள் என்றார். போட்டேன்.

இரண்டாவது, குழந்தைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பத்து நாளாவது பழக்கிக் கூட்டிப் போங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பெத்த அப்பனை அடையாளங் காட்ட ஒத்திகை எதுக்குங்க?”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “நீங்க படிச்சவங்க. உங்க இஷ்டமுங்க” என்றார்.

இரண்டு யோசனையில் நான் எடுத்துக்கொண்டதை விட்டிருக்க வேண்டும். விட்டதை எடுத்திருக்க வேண்டும். ஐந்து வருடமாக இதை நினைக்காத நாள் இல்லை.

சுமதியின் பிறப்புச் சான்றைப் பார்த்தும் அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். மணியக்காரர் பதிவேட்டில் ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செந்தில் ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அவன் காகிதத்தில் முத்திரை, கையெழுத்து, எடை, பிறந்த நேரம், எல்லாம் இருந்தன.

4

நேர்காணலுக்கு என் கணவரின் அக்கா துணைக்கு வந்தார். எங்கள் பக்கம் நங்கை என்போம். பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னையும் பிள்ளைகளையும் மட்டும் உள்ளே விட்டார்கள்.

அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவர் பக்கத்தில் தண்ணீர்க் கூஜா இருந்தது. எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மெட்ராஸ்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் முதல் கேள்விக்கு “ஆமாங்க” என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் என்னைக் கேட்டார்கள். கல்யாணத்தில் சமைத்தது யார், வீட்டு வாசல் எந்தத் திசை, எத்தனை மாடு, கிணற்றுக்கு எத்தனை படி. நான் கிணற்றுப் படியை எண்ணியதில்லை. என் கணவரை அங்கே கூப்பிட்டு இதே கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். அவரும் எண்ணியதில்லை. அது மட்டும் பொருந்திப் போயிற்று.

பிறகு என்னைச் சுவர் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. சுமதியை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஆறு வயது. கால் தரையில் எட்டவில்லை. அதிகாரி என் கணவரின் படத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இது யாரு பாப்பா?” என்று மெட்ராஸ்காரர் கேட்டார்.

“மாமா.”

மொழிபெயர்ப்பாளர் ‘அங்கிள்’ என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்கச் சொன்னார்.

“உங்க அப்பா எங்கம்மா இருக்காரு?”

அதுவரை மிரண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, தெரிந்த பெயர் காதில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. முகம் மலர்ந்து சொன்னாள்.

“அப்பாரு தோட்டத்துல இருக்காருங்க. மாட்டுக்குத் தட்டு அறுக்கறாருங்க.”

மெட்ராஸ்காரர் காதில் அப்பாரு, அப்பாவாக விழுந்தது. அவள் அப்பா ஊரில் தோட்டத்தில் இருக்கிறாராம், மாட்டுக்குத் தீவனம் அறுக்கிறாராம் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முதல் தடவையாக அதிகாரி புன்னகை செய்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தக் குழந்தைக்கு உண்மையில் யார்தான் அப்பா என்று கேட்டார். அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பதிலை எதிர்பார்த்தும் கேட்கவில்லை.

எனக்கு எல்லாம் புரிந்தது. அங்கிள் புரிந்தது, ஃபாதர் புரிந்தது, அந்தக் கேள்வியும் புரிந்தது. எழுந்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்கான ஆங்கிலம் என்னிடம் இருந்தது. ஆனால் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நானே கையெழுத்துப் போட்ட காகிதம் அவர் முன்னால் இருந்தது. வாயைத் திறந்தால் அது பொய்யாகும், அதோடு மற்றதும் பொய்யாகும், எங்கள் மூன்று பேருடையதும் போய்விடும் என்று நினைத்தேன். சரி, தமிழிலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் சொன்ன சொல் கேட்கிறவள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த செந்திலின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

வெளியே நடைவழியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, அப்பாரு என்றால் தாத்தா, மாமா என்றால் என் வீட்டுக்காரர் என்றேன்.

“அந்தப் பொண்ணு சொன்னதைத்தானேம்மா சொன்னேன்? தமிழை இப்படிப் பேசினா நான் என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிடப் போனார்.

5

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்கும் செந்திலுக்கும் விசா. சுமதிக்கு இல்லை. படத்தில் இருப்பவரை மாமா என்று குழந்தை அடையாளம் காட்டியது, தன் தகப்பன் ஊரில் பயிர் செய்வதாகக் கூறியது, ஆகவே இவள் விண்ணப்பதாரர்களின் மகள் என்று நம்ப இடமில்லை. இதுதான் சாரம். நான் பெற்றவள் என் மகள் இல்லை என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மாமனார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. “அன்னைக்கு நான் தட்டு அறுக்காம இருந்திருக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அன்றைக்கு அறுக்கவும் இல்லை, சந்தைக்குப் போயிருந்தார்.

என் கணவரின் கடிதம் தெளிவாக இருந்தது. நீயும் பையனும் முதலில் வாருங்கள், இங்கிருந்து மேல்முறையீடு செய்தால்தான் நடக்கும், விசாக் காலம் முடிந்துவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. நங்கையும் அதையேதான் சொன்னார்.

“ஆறு மாசந்தான சாமி? எங்கூட்டுல இருக்கட்டும், நானென்ன கடிச்சா தின்னுருவேன்? நீ போயி உம்புருசன் பக்கத்துல உக்காந்து எழுத வேண்டியத எழுதி உம்புள்ளயக் கூப்புட்டுக்க.”

எல்லோரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஒருவரும் தப்பாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இப்போது யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லோர் மேலும் வருகிறது.

ஈரோடு ஸ்டேஷனில் சுமதி நங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போயிட்டு வாரேன் சாமி” என்றேன். நம்மில் போகிறேன் என்று சொல்வது கிடையாதே. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பள்ளிபாளையத்தில் ஆற்றுப் பாலத்து மேல் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம், அம்மா வந்துட்டாங்க என்று வாசலுக்கு ஓடினாளாம். எத்தனை நாள் ஓடினாள் என்று நங்கை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

6

இந்த நாட்டைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்கிறார் என் கணவர். குழாயில் சுடுதண்ணீர் வருகிறது. பால் வாசலுக்கு வருகிறது. போதும்.

வந்த புதிதில் செந்திலுக்கு ஊசி போட மருத்துவ நிலையத்துக்குப் போனேன். கிளம்பும்போது வாய்தவறி நம் வழக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், போய்விட்டு வருகிறேன் என்று. நர்ஸ் எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். வரமாட்டேன் என்றேன். பிறகு ஏன் வருகிறேன் என்றாய் என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அந்த நர்ஸ் சிரித்ததற்காக அழவில்லை.

என் கணவரை மாமா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். வழக்கு நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கேட்டு எழுதிப் போட்டுவிட்டால்? அப்போதைய பயம் அப்படி. இப்போது ‘ஏங்க’ என்கிறேன். ஒருநாள் அவரே கேட்டார், இனிமேல் என்னை மாமான்னு கூப்பிடவே மாட்டியா என்று. வாய் வரவில்லை.

ஆறு மாதம் என்றது இரண்டு வருடம் நான்கு மாதம் ஆயிற்று. முதல் வருடம் எங்கள் காகிதங்களை எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். இலவசமாகச் சட்ட உதவி செய்யும் பெண் ஒருத்தி, அந்த இரண்டு சொற்களுக்கும் உங்கள் ஊர் அரசாங்கத்தில் சான்று வாங்கி வாருங்கள் என்றாள். நங்கை திருச்செங்கோடு தாலுகா ஆபீசுக்கு ஐந்து தடவை நடந்தார். மனைவி கணவனை மாமா என்று கூப்பிடுவாள் என்பதற்குச் சான்றா என்று அங்கே இருந்த எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

“இன்னிக்கு இது கேப்பீங்க. நாளைக்கு, பொண்டாட்டி புருசனத் திட்டுவாள்னு ஒண்ணு எழுதிக் குடுன்னு கேப்பீங்க.”

“அதுக்குச் சாட்சி வேணும்னா எங்கூட்டுக்காரர அனுப்பறனுங்க” என்றாராம் நங்கை. கையெழுத்து ஆகிவிட்டது.

ரத்தமும் எடுத்தார்கள். எங்கள் இருவருக்கும் இங்கே, சுமதிக்குச் சென்னையில். பிறகு ஒரு வயதான நீதிபதி பத்து நிமிடம் கேட்டுவிட்டு, குழந்தை இவர்களுடையதுதான் என்றார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். என் கணவர்தான் எழுந்திரு என்றார்.

7

விமான நிலையத்தில் ஒரு பணிப்பெண் சுமதியைக் கூட்டி வந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. கிட்டத்தட்ட ஒன்பது வயது. நங்கை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டிருந்த சடை அப்படியே இருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் பொறுமையாக நின்றாள். நான் விட்டதும் என்னைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா?” என்றாள்.

வீட்டுக்கு வந்தவர்களை எப்படிக் கேட்க வேண்டும் என்று நங்கை நன்றாகத்தான் வளர்த்திருந்தார்.

அன்றிலிருந்து அவள் இந்த வீட்டில் விருந்தாளி. பிரிட்ஜைத் திறக்கட்டுங்களா என்று கேட்டுத்தான் திறப்பாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். எது கொடுத்தாலும் போதுங்க என்பாள். செந்தில் என்னை ஆங்கிலத்தில் அதட்டுவான், கதவை உதைப்பான், என் சோற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளுவான். அவனுக்குத் தமிழில் இருபது வார்த்தை தெரிந்தால் அதிகம். அவள் வந்த மூன்றாம் நாள், இந்தப் பெண் எப்போது திரும்பிப் போகும் என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டான். அவளுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவனை மெதுவாகக் கடிந்தேன். அவள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்ன நல்ல பெண் என்று இங்கே உள்ள நம்மவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள்கூட அடம்பிடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கறுப்புத் தோலைச் சொல்லிக் கேலி செய்து சடையைப் பிடித்து இழுத்தார்கள் என்பதை ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்றாள்.

8

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓமலூர்க் கடிதம் சமையலறை மேசையில் கிடந்தது. எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை சுமதி மட்டும்தான். இப்போது பதினொரு வயது. படித்துவிட்டு மடித்து வைத்தாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

“இவங்களுக்கும் ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு இல்லைன்னுட்டா என்னங்க பண்ணுவாங்க?”

தெரியவில்லை என்றேன்.

“அன்னிக்கு எனக்கு விசாக் குடுத்து தம்பிக்கு இல்லைன்னிருந்தா, நீங்க அவனை விட்டுட்டு வந்திருப்பீங்களா?”

யாராக இருந்தாலும் ஒன்றுதான், அவனையும் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன் என்ற பதில் தயாராக இருந்தது. இரண்டு வயதுப் பையன், பால்குடி மறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, நீயாவது பெரியவள் என்று நியாயமும் பேசியிருக்கலாம். ஐந்து வருடமாக எனக்கு நானே பேசிவந்த நியாயம்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வந்திருக்க மாட்டேன்” என்றேன்.

அவள் கையில் இருந்த கண்ணாடி டம்ளர் கழுவுதொட்டியில் விழுந்து உடைந்தது. விழுந்ததா, போட்டாளா, எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அவள் கத்தியதை எல்லாம் எழுத முடியாது. அம்மை போட்டு அத்தை வீட்டு உள்ளறையில் பதினைந்து நாள் கிடந்தாளாம். எனக்கு எழுதவேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம். பள்ளிக்கூடத்தில், உங்கம்மா ஓடிப்போயிட்டாளாமே என்று ஒருத்தி கேட்டதற்கு அவளைக் கடித்து வைத்தாளாம். சென்னையில் ரத்தம் எடுத்தபோது, நீ இவங்க மகதானான்னு பாக்கறாங்க என்று நர்ஸ் சொன்னாளாம். இல்லையென்று வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். எங்க அத்தை கூடவே இருந்திருப்பேன், எதுக்கு என்னைக் கூப்பிட்டே என்றாள். கூப்பிட்டே என்றாள், கூப்பிட்டீங்க என்று இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குக் கத்தினேன். அந்த அறையில் நான் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டேன். பேசியிருக்கலாம் என்றாள். பயந்துவிட்டேன் என்றேன். என்னை விட்டுட்டுப் போறதுக்கு மட்டும் பயமே இல்லை, இல்ல என்றாள். இரண்டு கையிலும் மாவோடு நின்று, பதினொரு வயதுப் பெண்ணோடு சரிக்குச் சரியாகச் சண்டை போட்டேன். செந்தில் மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

கடைசியில் அவள் தன் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். தோட்டத்தில் இருந்த என் கணவர் ஓடிவந்து, என்ன ஆச்சு, அவ இப்படியெல்லாம் பேசற புள்ளயே இல்லையே, நான் போய்ச் சொல்லட்டுமா என்றார்.

“நீங்க சித்த சும்மா இருங்க” என்றேன். “இன்னும் முடியல.”

முடியவில்லைதான். கதவைத் திறந்துகொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.